அந்தக் கடைசி 100 கிராம் ஏன் இறங்கவில்லை?

2024 ஆகஸ்ட் 7 காலை, பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்திய மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகட் எடைக் கருவியில் ஏறி நின்றார். அவருடைய பிரிவின் வரம்பான 50 கிலோவுக்கு மேல் 100 கிராம் காட்டியது. அன்று மாலை தங்கத்துக்காக மோத வேண்டியவர் தகுதி நீக்கம் செய்யப்பட்டு, பட்டியலின் கடைசி இடத்துக்குப் போனார். முந்தைய நாள் அரையிறுதியில் அவரிடம் 5-0 என்று தோற்ற கியூபாவின் குஸ்மான் இறுதிப் போட்டியில் ஆடினார். தங்கம் அமெரிக்காவின் சாரா ஹில்டப்ராண்டுக்குக் கிடைத்தது. வினேஷ் செய்த மேல்முறையீட்டை விளையாட்டு நடுவர் மன்றம் ஆகஸ்ட் 14 அன்று தள்ளுபடி செய்தது.

அப்போது கிளம்பிய கேள்விகள் இன்னும் ஓயவில்லை. 100 கிராம் என்பது அரை டம்ளர் தண்ணீர். இரவு முழுக்க ஓடியும் அதை ஏன் குறைக்க முடியவில்லை? முதல் நாள் காலை சரியாக இருந்த எடை, மறுநாளுக்குள் எப்படி ஏறியது? அடுத்த இரண்டே நாளில் இன்னொரு இந்திய மல்யுத்த வீரர் அமன் செராவத் பத்து மணி நேரத்தில் 4.6 கிலோ குறைத்து வெண்கலம் வாங்கினாரே, அது எப்படி? பதில் கிடைக்காத இடத்தில் சதி என்ற பேச்சு புகுந்துகொண்டது. உடலுக்குள் தண்ணீர் எப்படி வருகிறது, எப்படிப் போகிறது என்று பார்த்தால் இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு விடை இருக்கிறது.

முதலில் விதி

மல்யுத்தத்தில் ஒரே அளவு உடல் உள்ளவர்கள் மோத வேண்டும் என்பதற்காகவே எடைப் பிரிவுகள் உண்டு. ஒலிம்பிக்கில் பெண்களுக்கு ஆறு பிரிவுகள்தான்: 50, 53, 57, 62, 68, 76 கிலோ. உலக சாம்பியன்ஷிப்பில் பத்துப் பிரிவுகள் இருக்கின்றன. ஒலிம்பிக்கில் அவை ஆறாகச் சுருங்கும்போது, இடையில் இருப்பவர்கள் ஏதாவது ஒரு பக்கம் நகர்ந்தே ஆக வேண்டும்.

முன்பெல்லாம் போட்டிக்கு முந்தைய நாள் மாலை எடை சோதனை நடக்கும். எடை காட்டிவிட்டு, இரவு முழுக்கச் சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, மறுநாள் நான்கைந்து கிலோ கூடுதலாக வந்து மோதலாம். இதைத் தடுக்க உலக மல்யுத்த அமைப்பு 2018-இல் முறையை மாற்றியது. ஒவ்வொரு பிரிவுக்கும் போட்டி இரண்டு நாள். இரண்டு நாளும் காலையில் எடை சோதனை. முதல் நாள் அரை மணி நேரம், இரண்டாம் நாள் 15 நிமிடம். ஏதாவது ஒன்றில் எடை கூடினால் முழுப் போட்டியிலிருந்தும் நீக்கம், கடைசி இடம். முதல் நாள் வெற்றிகளும் கணக்கில் வராது.

விதியின் நோக்கம் நல்லது. இரண்டு முறை எடை காட்ட வேண்டும் என்றால், அளவுக்கு மீறிக் குறைக்க யாரும் துணிய மாட்டார்கள் என்று எதிர்பார்த்தார்கள். துணியாதவர்கள் மேல் பிரிவுக்குப் போனார்கள். போக வழியில்லாதவர்கள் இரண்டு முறை உடலை வற்ற வைக்கிறார்கள்.

வினேஷுக்கு அந்த வழி அடைபட்டிருந்தது. அவர் வழக்கமாக ஆடியது 53 கிலோ பிரிவில். 2023 ஆகஸ்டில் முழங்காலில் அறுவை சிகிச்சை. அவர் மீண்டு வருவதற்குள், 53 கிலோவுக்கான இந்தியாவின் இடத்தை அந்திம் பங்கல் உலக சாம்பியன்ஷிப் வெண்கலத்தின் மூலம் பெற்றுவிட்டார். அதனால் வினேஷ் 50 கிலோவுக்கு இறங்கி, 2024 ஏப்ரலில் பிஷ்கெக்கில் நடந்த தகுதிச் சுற்றில் ஒலிம்பிக் இடத்தைப் பிடித்தார். ஆகஸ்ட் 7 காலை நடந்தது என்ன என்று புரிந்துகொள்ள இந்த முடிவிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

எடை எங்கிருந்து இறங்குகிறது?

உடல் எடை என்பது ஒரே பொருள் அல்ல. போட்டிக்கு முன் குறைக்கிறவர்கள் நான்கு இடங்களிலிருந்து எடுக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் வேகம் வேறு, விலை வேறு.

1. கொழுப்பு. நேர்மையான வழி, மெதுவான வழி. வாரக்கணக்கில் ஆகும். போட்டிக்கு முந்தைய இரவில் ஓடினால் கொழுப்பு கிராம் கணக்கில்தான் போகும்.

2. குடலில் இருப்பது. போட்டிக்கு மூன்று நான்கு நாள் முன்பிருந்து கீரை, காய், முழுத் தானியம் போன்ற நார்ச்சத்து உணவைக் குறைத்தால் குடலில் தங்குவது குறையும். பலமும் அவ்வளவாகப் போகாது.

3. கிளைக்கோஜன். சோறு, ரொட்டியில் இருந்து வரும் மாவுச்சத்தைத் தசையும் கல்லீரலும் இந்த வடிவில்தான் சேமிக்கின்றன. ஒரு கிராம் கிளைக்கோஜனோடு சுமார் மூன்று கிராம் தண்ணீரும் சேர்ந்து தங்கும். மாவுச்சத்தை நிறுத்திவிட்டுக் கடினமாகப் பயிற்சி செய்தால் இரண்டும் சேர்ந்து போகும். ஆனால் மல்யுத்தத்தின் ஆறு நிமிட வேகத்துக்கு எரிபொருளே இதுதான். தீர்ந்துபோன கிளைக்கோஜன் முழுசாகத் திரும்ப ஏறக்குறைய ஒரு நாள் பிடிக்கும்.

4. தண்ணீர். கடைசி இரவில் கை வைக்க மிச்சமிருப்பது இது மட்டுமே. 50 கிலோ பெண்ணின் உடலில் பாதிக்கு மேல் தண்ணீர், அதாவது 25 லிட்டருக்கு மேல். அதிலிருந்து இரண்டு லிட்டர் எடுத்தால் என்ன என்று தோன்றும். அந்த இரண்டு லிட்டர் எங்கிருந்து போகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

சிறுநீரை அதிகமாக்கும் மாத்திரைகள் உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்பின் தடைப் பட்டியலில் உள்ளன. எனவே வியர்வைதான் ஒரே வழி: ஓட்டம், ஸ்கிப்பிங், சைக்கிள், சானா எனும் சூடான வியர்வை அறை, வெந்நீர்க் குளியல்.

ஆகஸ்ட் 6, காலை முதல் இரவு வரை

அன்று காலை வினேஷின் எடை 49.9 கிலோ. அது அவர் உடலின் இயல்பான எடை அல்ல. வற்ற வைத்து எட்டிய எடை. சோதனை முடிந்ததும் உணவும் தண்ணீரும் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மோத முடியாது. முதல் மோதலே அதுவரை சர்வதேசப் போட்டிகளில் தோற்காத ஜப்பானின் யுய் சுசாகியோடு. கடைசி நொடிகளில் புரட்டிப் போட்டு 3-2 என்று வென்றார். அப்புறம் காலிறுதியில் உக்ரைனின் லிவாச் 7-5, அரையிறுதியில் குஸ்மான். ஒரே நாளில் மூன்று மோதல்கள்.

அரையிறுதிக்குப் பிறகு எடை பார்த்தபோது, வரம்புக்கு மேல் 2.7 கிலோ. இந்திய அணியின் தலைமை மருத்துவர் தின்ஷா பர்திவாலா பின்னர் விளக்கியபடி, ஒரு நாளுக்குச் சுமார் 1.5 கிலோ உணவும் நீரும் போதும் என்பது ஊட்டச்சத்து நிபுணரின் கணக்கு. மோதல்களுக்கு நடுவே நீரிழப்பு வராமலிருக்கக் கொஞ்சம் தண்ணீரும் கொடுக்க வேண்டியிருந்தது. எடை எதிர்பார்த்ததைத் தாண்டி ஏறிவிட்டது.

ஏன் இப்படி ஏறும்? சாதாரண நாளில் நாம் குடிப்பதில் பெரும்பகுதி சில மணி நேரத்தில் சிறுநீராகப் போய்விடும். வற்ற வைத்த உடலில் அந்தக் கதவு மூடியிருக்கும். சிறுநீரகத்துக்கு இரண்டு உத்தரவுகள் வந்திருக்கும். மூளையிலிருந்து வரும் ஒரு ஹார்மோன், தண்ணீரை வெளியே விடாதே என்கிறது. சிறுநீரகத்துக்கு மேலே உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியிலிருந்து வரும் இன்னொன்று, உப்பைப் பிடித்து வை என்கிறது. உப்பு தங்கினால் அதோடு தண்ணீரும் தங்கும். உள்ளே வருவது ஏறக்குறைய அப்படியே எடையாக நிற்கும். வறண்ட ஏரியில் முதல் மழை பெய்தால் மதகு வரை தண்ணீர் போகாதல்லவா, அதுபோல.

உடல் ஏன் விட மறுக்கிறது

சுமார் 52.7 கிலோவிலிருந்து விடிவதற்குள் 50. வினேஷ் தூங்கவில்லை. ஓடினார், வியர்வை அறையில் உட்கார்ந்தார், உணவையும் தண்ணீரையும் தொடவில்லை. கடைசியில் முடியை வெட்டினார்கள், உடையைக்கூடச் சிறிதாக்கினார்கள். 2.6 கிலோ போனது. 100 கிராம் நின்றுவிட்டது.

முதல் கிலோவும் கடைசி 100 கிராமும் ஒரே மாதிரி இறங்குவதில்லை. காரணத்தை வரிசையாகப் பார்க்கலாம்.

வியர்வைக்கான தண்ணீர் ரத்தத்திலிருந்து வருகிறது. 50 கிலோ பெண்ணின் உடலில் ரத்தம் சுமார் மூன்றேகால் லிட்டர்தான். வியர்க்க வியர்க்க ரத்தத்தின் நீர்ப்பகுதி குறைகிறது. திசுக்களிலிருந்து தண்ணீர் வந்து அதை ஓரளவு ஈடுகட்டும், முழுசாக அல்ல. ரத்தம் குறைந்தால் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அனுப்பும் அளவு குறையும். அதைச் சரிக்கட்ட வேகமாகத் துடிக்கும். ஒரு கட்டத்தில் உடல் எதைக் காப்பாற்றுவது, எதை விடுவது என்று தேர்ந்தெடுக்கிறது. மூளைக்கும் இதயத்துக்கும் போகும் ரத்தத்தைக் காக்க, தோலுக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கிறது. தோலுக்கு ரத்தம் குறைந்தால் வியர்வை குறையும்.

அதாவது, அதே டிரெட்மில்லில் அதே வேகத்தில் ஓடினாலும், இரவு எட்டு மணிக்கு ஊற்றாகக் கொட்டிய வியர்வை அதிகாலை ஐந்து மணிக்குக் கசியக்கூடச் செய்யாது. முயற்சி குறைந்ததால் அல்ல. உயிரைக் காக்க உடல் குழாயை அடைத்துவிட்டது.

ஆபத்தும் இங்கேதான் தொடங்குகிறது. வியர்வை ஆவியாகிப் போவதால்தான் உடல் குளிர்கிறது. அது நின்ற பிறகும் ஓடிக்கொண்டே இருந்தால் தசையில் உண்டாகும் வெப்பம் வெளியேற வழியில்லை. உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் வெப்பத் தாக்கு. ரத்தத்தில் பொட்டாசியமும் சோடியமும் நிலைகுலைந்தால் இதயத் துடிப்பு தடுமாறும். தசை சிதைந்து அதன் கழிவு சிறுநீரகத்தை அடைக்கலாம். அந்த 100 கிராமையும் இறக்கியே தீருவது என்று இன்னும் ஒரு மணி நேரம் ஓட வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. தகுதி நீக்கத்துக்குப் பிறகு அவருக்கு டிரிப்ஸ் ஏற்ற வேண்டியிருந்தது.

எடை காட்டிய உடனே டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டு மோதலாமே என்று கேட்பவர்களுக்கு: கூடாது. 12 மணி நேரத்தில் 100 மில்லிலிட்டருக்கு மேல் நரம்பு வழியாக ஏற்றுவது ஊக்கமருந்து விதிப்படி தடை. மருத்துவமனை சிகிச்சை போன்ற சில சூழல்களுக்கு மட்டும் விலக்கு. வாய் வழியாகக் குடித்துத்தான் மீள வேண்டும். அதற்கு இழந்ததைப் போல ஒன்றரை மடங்கு தண்ணீர் வேண்டும், உப்போடு, பல மணி நேரத்தில்.

அமனால் முடிந்தது எப்படி?

அமன் செராவத் 57 கிலோ பிரிவு. ஆகஸ்ட் 8 மாலை அரையிறுதியில் தோற்றபின் அவர் எடை 61.5 கிலோ. பயிற்சியாளர்கள் அவரை விட்டு நகரவில்லை. முதலில் ஒன்றரை மணி நேரம் மல்யுத்த விரிப்பிலேயே பயிற்சி, அப்புறம் வெந்நீர்க் குளியல், டிரெட்மில், இடையிடையே ஐந்து ஐந்து நிமிடமாகச் சானா. நடுவில் எலுமிச்சையும் தேனும் கலந்த வெதுவெதுப்பான தண்ணீர் கொஞ்சம். விடியற்காலை நாலரை மணிக்கு 56.9 கிலோ. அதற்கு மேலும் தூங்காமல் பழைய மோதல்களின் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைய வெண்கல மோதலில் பியூர்டோ ரிக்கோ வீரரை 13-5 என்று வென்றார்.

இரண்டு இரவுகளையும் ஒப்பிட்டு ஒருவரை வீரம் என்றும் மற்றவரைக் கவனக்குறைவு என்றும் சொல்வது தவறு. ஆண் உடலில் அதே எடைக்குத் தசையும் தண்ணீரும் அதிகம். சராசரியாக ஆண்களுக்கு வியர்வையும் கூடுதல். இதைவிட முக்கியம், எவ்வளவு வற்றிய நிலையில் ஓட்டம் தொடங்குகிறது என்பது. தன் உடலுக்கு ஏற்ற பிரிவில் ஆடுபவர் வழக்கமான எடைக்கு அருகிலிருந்து குறைக்கத் தொடங்குகிறார். கீழ்ப் பிரிவுக்கு இறங்கியவர் ஏற்கெனவே பிழிந்த துணியை மறுபடி பிழிகிறார்.

அமனின் இரவும் ஆபத்தான இரவுதான். முடிவு நல்லபடியாக அமைந்தது என்பதால் அது பாதுகாப்பான முறை ஆகிவிடாது. 2018-இல் போலந்தில் மேரி கோம் நான்கு மணி நேரத்தில் இரண்டு கிலோ குறைத்துத் தங்கம் வென்றதையும் நாம் இப்படித்தான் கொண்டாடினோம். ஜெயித்தவர்களின் கதை மட்டுமே ஊருக்குத் தெரிவதால், விடலைப் பருவத்தில் இருக்கும் ஒரு வீரர் அதையே வழிமுறையாக எடுத்துக்கொள்கிறார். எனக்கு இதில் உள்ள கவலை அதுதான்.

உயிர் போன பிறகு மாறிய விதிகள்

1997 நவம்பர் 7-க்கும் டிசம்பர் 9-க்கும் இடையில் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் இறந்தார்கள். மூவருக்கும் வயது 19 முதல் 22-க்குள். மூவரும் செய்தது ஒன்றே: உணவையும் தண்ணீரையும் குறைத்து, காற்றுப் புகாத உடை அணிந்து, வெப்பமான இடத்தில் உடற்பயிற்சி. அந்த உடைக்குள் வியர்வை வழியும், ஆனால் ஆவியாகாது. எடை குறையும், உடல் குளிராது.

அதன் பிறகு அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பு அந்த உடைகளையும் சானாவையும் தடை செய்தது. எடை சோதனையைப் போட்டி தொடங்க ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு முன் என்று நெருக்கிக் கொண்டுவந்தது. பருவத் தொடக்கத்திலேயே சிறுநீரின் அடர்த்தியைச் சோதிக்கிறார்கள், 1.020-க்கு மேல் இருந்தால் உடல் வறண்டிருக்கிறது என்று அர்த்தம், அன்று எடை எடுக்க மாட்டார்கள். அடர்த்தி சரியாக இருந்தால் கொழுப்பின் அளவைக் கணக்கிட்டு, அந்தப் பருவத்தில் அவர் எந்த எடை வரை இறங்கலாம் என்று எழுதிக் கொடுக்கிறார்கள். வாரத்துக்கு உடல் எடையில் 1.5 சதவீதத்துக்கு மேல் குறைக்கக் கூடாது.

ஆசியாவிலும் இது நடந்தது. 2015 டிசம்பரில் கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டிக்காக எடை குறைத்த சீன வீரர் யாங் ஜியான் பிங் மணிலாவில் 21 வயதில் இறந்தார். அந்தப் போட்டியை நடத்திய ஒன் சாம்பியன்ஷிப், நீரை வற்ற வைத்து எடை குறைப்பதைத் தடை செய்து சிறுநீர்ச் சோதனையைக் கட்டாயமாக்கியது.

ஒலிம்பிக் மல்யுத்தத்தில் எடைக்கருவி மட்டும்தான் இருக்கிறது. ஏறி நிற்பவரின் உடலில் தண்ணீர் இருக்கிறதா என்று அது கேட்பதில்லை.

பிரிவைத் தேர்ந்தெடுக்கும் கணக்கு

அமெரிக்கப் பள்ளி மல்யுத்தத்தில் பெண்களின் உடலில் கொழுப்பு 12 சதவீதத்துக்குக் கீழே போகும் எடைக்கு இறங்க அனுமதி இல்லை. அந்த வரம்பை வைத்து ஓர் எடுத்துக்காட்டு போட்டுப் பார்க்கலாம். இது யாருடைய உண்மையான அளவும் அல்ல.

1. ஒரு வீராங்கனையின் இயல்பான எடை 56 கிலோ. கொழுப்பு 18 சதவீதம், அதாவது சுமார் 10 கிலோ. தசை, எலும்பு, நீர் எல்லாம் சேர்த்து மீதி 46 கிலோ.

2. அந்த 46 கிலோ அப்படியே இருக்க, கொழுப்பு மட்டும் 12 சதவீதமாகக் குறைந்தால் மொத்த எடை ஏறக்குறைய 52.2 கிலோ. இதுதான் அவருடைய தரை.

3. 53 கிலோ பிரிவு அவருக்குச் சரி. வாரத்துக்கு 1.5 சதவீதம் என்றால் 840 கிராம். மூன்று கிலோ குறைக்க நான்கு வாரம் போதும்.

4. 50 கிலோ பிரிவு என்றால் தரைக்குக் கீழே இன்னும் இரண்டு கிலோவுக்கு மேல். அது கொழுப்பிலிருந்து வராது. தசையிலிருந்து வர வேண்டும், அல்லது ஒவ்வொரு எடை சோதனையின் காலையிலும் தண்ணீரிலிருந்து வர வேண்டும்.

இப்படிப் பார்த்தால், தவறு கடைசி இரவில் நடப்பதில்லை என்பது தெரியும். பல மாதங்களுக்கு முன் ஒரு பிரிவைத் தேர்ந்தெடுத்த நாளிலேயே, போட்டி நாளின் காலைக்கான கடன் எழுதப்பட்டுவிடுகிறது. அதை வீராங்கனை மட்டும் சுமப்பது நியாயமில்லை. ஒரே பிரிவில் இரண்டு திறமைசாலிகள் இருக்கும்போது அணித் தேர்வு எப்போது நடக்கும், காயத்திலிருந்து வருபவருக்கு எவ்வளவு அவகாசம் என்பதெல்லாம் அமைப்புகள் எடுக்கும் முடிவுகள்.

பருவம் பருவமாக இப்படிக் குறைத்துக்கொண்டே இருந்தால் வேறொரு பிரச்சினையும் வரும். பயிற்சிக்குச் செலவான சக்தி போக, உடலின் அடிப்படை வேலைகளுக்கு மிச்சம் போதாமல் போகும். ரெட்-எஸ் என்று விளையாட்டு மருத்துவர்கள் சுருக்கமாகச் சொல்வது இதைத்தான். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-இல் முதலில் வரையறுத்து, 2023-இல் புதுப்பித்தது. பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோவது இதன் தெளிவான அறிகுறி. கடினப் பயிற்சி எடுத்தால் அப்படித்தான் இருக்கும் என்று பல இடங்களில் சொல்லி அனுப்புகிறார்கள். அது உண்மையல்ல. ஈஸ்ட்ரோஜன் குறைந்து எலும்பு அடர்த்தி இறங்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். ஆண்களுக்கும் ஹார்மோன் குறையும்; வெளியே தெரிய நாளாகும்.

கபடி ஆடும் பிள்ளைகளுக்கு

எடை வரம்பு ஒலிம்பிக்கோடு நிற்பதில்லை. நம் ஊர்க் கபடிப் போட்டிகளின் போஸ்டரிலேயே இத்தனை கிலோ பிரிவு என்று இருக்கும். பள்ளி அளவில் குத்துச்சண்டை, ஜூடோ, பளுதூக்குதல் எல்லாவற்றிலும் உண்டு. வளரும் வயதில் எடை ஏறுவதுதான் இயல்பு. போன வருடம் ஆடிய பிரிவிலேயே இந்த வருடமும் நிறுத்தி வைக்கப் பார்ப்பது வளர்ச்சியோடு மல்லுக்கட்டுவது.

பிள்ளை போட்டிக்கு இரண்டு நாள் முன்பிருந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கிறதா, ஸ்வெட்டரையோ மழைக்கோட்டையோ போட்டுக்கொண்டு வெயிலில் ஓடுகிறதா, எச்சில் துப்பிக்கொண்டே இருக்கிறதா என்று கவனியுங்கள். சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போனால் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஓடும்போது பேச்சு குழறினாலோ, இருக்கும் இடம் தெரியாமல் தடுமாறினாலோ, கொட்டிக்கொண்டிருந்த வியர்வை நின்று தோல் சூடாக இருந்தாலோ, அது எடை குறைகிற அறிகுறி அல்ல, வெப்பத் தாக்கு. அந்த நொடியே ஓட்டத்தை நிறுத்தி, கனமான உடையைக் கழற்றி, நிழலில் கிடத்தி, கழுத்திலும் அக்குளிலும் ஐஸ் வைத்து, உடல் முழுக்கக் குளிர்ந்த தண்ணீர் ஊற்றிக்கொண்டே 108-ஐ அழைக்க வேண்டும். நினைவு தெளிவாக இல்லாதவருக்கு வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. புரையேறி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.